மனசு தாங்காத நேரத்தில் யாரிடம் போவது? கல்லூரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லூரியில் மாணவர் நலப் பொறுப்பில் இருப்பதால், ஒவ்வொரு செமஸ்டரிலும் இதே சந்தேகங்கள் என்னிடம் வருகின்றன. சிலர் நேரடியாகக் கேட்பார்கள். பலர் "ஃப்ரெண்டுக்காகக் கேக்குறேன்" என்று தொடங்குவார்கள். யாருக்காக என்று நான் துருவுவதில்லை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாமே தமிழ்நாட்டுக் கல்லூரிகளை மனதில் வைத்து எழுதியவை. நான் மருத்துவர் இல்லை. எங்கே போகலாம், போனால் என்ன நடக்கும் என்பதை மட்டுமே சொல்கிறேன்.

உங்களுக்கோ பக்கத்தில் இருப்பவருக்கோ இந்த நிமிடமே உயிருக்கு ஆபத்து என்றால், படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 14416.

1. இப்பவே யார்கிட்டயாவது பேசணும். எந்த நம்பர்?

14416. மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ம் தேதி தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் இது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை என்ற பெயரில் நடக்கிறது. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. அந்த எண் கிடைக்காவிட்டால் 1800 891 4416-க்குப் போடுங்கள், அதுவும் இதே சேவைதான். 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும்.

அரசு சேவை வேண்டாம், யாராவது பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்டால் போதும் என்று தோன்றினால் சென்னையின் 'சினேகா' இருக்கிறது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பு அது. எண் 044-2464 0050. நான்கு எண்களையும் இப்போதே போனில் சேமித்து வையுங்கள். மனசு கலங்கிப் போயிருக்கும்போது எண்ணைத் தேடி எடுப்பதே பெரிய மலையாகத் தெரியும்.

2. போன் எடுத்ததும் என்ன கேப்பாங்க? பேர், காலேஜ் எல்லாம் சொல்லணுமா?

14416-ல் முதலில் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பதிவுக் குரல் வரும். அதன் பிறகு பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். வயது, எந்த மாவட்டம் என்று கேட்கலாம். பக்கத்தில் எந்த மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்று பார்க்க அது தேவைப்படும். கல்லூரிப் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. ஆலோசகர் அளவில் தீராது என்று தெரிந்தால் மனநல மருத்துவருக்கோ உளவியலாளருக்கோ இணைப்பை மாற்றுவார்கள்.

சினேகாவில் பேசுபவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். புத்திமதி சொல்ல மாட்டார்கள், "இதுக்கெல்லாமா" என்று கேட்க மாட்டார்கள். பெயர் சொல்லாமலே பேசலாம்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமலே பலர் போனை வைத்துவிடுகிறார்கள். "எனக்கு எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல" என்பதையே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுதுவிட்டுப் பேசலாம், அந்தப் பக்கம் காத்திருப்பார்கள்.

3. எனக்கு அந்த அளவுக்கு ஒண்ணும் இல்ல சார். தூக்கம் வரல, கிளாஸுக்குப் போகப் பிடிக்கல. இதுக்கெல்லாம் கூப்பிடலாமா?

தாராளமாகக் கூப்பிடலாம். இந்தப் பக்கத்தில் நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் அழுத்திச் சொல்ல முடியும் என்றால், அது இதுதான். "அந்த அளவு" வரட்டும் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் 104-ஐத் தொடட்டும், அப்புறம் டாக்டரைப் பார்க்கலாம் என்று யாரும் உட்கார்ந்திருப்பதில்லையே.

இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் கெட்டிருக்கிறது, பிடித்த விஷயம் எதிலும் நாட்டம் இல்லை, குளிக்கக்கூட எழ முடியவில்லை, மெஸ்ஸுக்குப் போவதையே தவிர்க்கிறீர்கள் என்றால் அது சோம்பேறித்தனம் இல்லை. மனச்சோர்வு நோய் இப்படித்தான் ஆரம்பிக்கும். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு முறை தலைகாட்டியிருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே பேசுங்கள்.

அரியர், பிளேஸ்மென்ட், காதல் முறிவு, வீட்டில் கடன், இவையெல்லாம் "சின்ன விஷயம்" என்று உங்களுக்கு நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். காரணம் சின்னதா பெரிதா என்று அளக்கிற வேலை உங்களுடையது இல்லை. உதவி கேட்பது மட்டும்தான் உங்கள் வேலை.

4. ஹாஸ்டல்ல தனியா நின்னு பேச இடமே இல்ல.

உண்மைதான். நாலு பேர் அறையில், மெல்லிய சுவருக்கு இந்தப் பக்கம் நின்று மனசு திறந்து பேச முடியாது. மாணவர்கள் வழக்கமாகப் பேசும் இடங்கள் லைப்ரரி வாசல் மரத்தடி, மெஸ் மூடிய பிறகு அதன் பின்பக்கத் திண்ணை, மைதானத்து கேலரி. ஹெட்செட் போட்டுக்கொண்டு நடந்தபடி பேசினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் மனசு சரியில்லாத நேரத்தில் தனியாக மொட்டை மாடிக்குப் போக வேண்டாம். ஆள் நடமாட்டம் கண்ணில் படும் இடமாகப் பாருங்கள்.

டே ஸ்காலராக இருந்து வீட்டிலும் பேச முடியாவிட்டால், கல்லூரி நேரத்திலேயே கவுன்சலர் அறையைக் கேட்டு வாங்கி அங்கிருந்து கூப்பிடலாம்.

5. காலேஜ் கவுன்சலர், சைக்காலஜிஸ்ட், சைக்கியாட்ரிஸ்ட் எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேல்படிப்பு படித்தவர். மருந்து எழுதுவது அவர்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் சோதனைகள் செய்வார், பேச்சு வழிச் சிகிச்சை தருவார், மருந்து எழுத மாட்டார். கவுன்சலர் கேட்டு, வழிகாட்டி, தேவைப்பட்டால் மற்ற இருவரிடம் அனுப்புவார். யாரிடம் முதலில் போவது என்று குழம்ப வேண்டாம். கைக்கு எட்டியவரிடம் போங்கள், அங்கிருந்து சரியான இடத்துக்குப் போய்விடலாம்.

"எங்க காலேஜ்ல கவுன்சலரே இல்ல" என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்குமான வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும். டெலி மானஸ் உள்ளிட்ட உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் பெரிய எழுத்தில் வைக்க வேண்டும். உங்கள் விடுதிச் சுவரில் அந்த எண் இல்லையென்றால் வார்டனிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

6. கவுன்சலர்கிட்ட சொன்னா ஹெச்.ஓ.டி.க்கும் வீட்டுக்கும் போயிடுமா?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். மிகத் தயங்கிக் கேட்பதும் இதைத்தான். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ன் 23-வது பிரிவு, சிகிச்சை பெறுபவரின் விவரங்கள் ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்கிறது. மருத்துவமனையில் நீங்கள் சொன்னது கல்லூரிக்குப் போகக் கூடாது. விதிவிலக்குகளும் அதே சட்டத்தில் இருக்கின்றன: உயிருக்கு ஆபத்து, மற்றவருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்றவை. உயிரைக் காப்பாற்ற யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம், தேவையான அளவு மட்டும் சொல்வார்கள்.

கல்லூரிக்குள் நிலைமை கொஞ்சம் மாறும். முழுநேரக் கவுன்சலர் இருந்தால் அவர் இந்த நெறியைக் கடைப்பிடிப்பார். சில இடங்களில் பாடம் நடத்தும் ஆசிரியரே கவுன்சலராகவும் இருப்பார். அதனால் உள்ளே உட்கார்ந்ததும் முதல் கேள்வியை நீங்கள் கேளுங்கள்: "நான் சொல்றதுல எதை, யார்கிட்ட, எப்போ சொல்வீங்க?" நல்ல கவுன்சலர் தெளிவாகப் பதில் சொல்வார். பதில் மழுப்பலாக இருந்தால், முதல் கேள்வியில் உள்ள எண்களுக்குப் போங்கள். அதற்காகப் பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

7. வீட்டுக்குத் தெரியாம ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா? செலவு எவ்வளவு ஆகும்?

18 வயது நிரம்பியிருந்தால் நீங்களே போகலாம், பெற்றோர் கையெழுத்து தேவையில்லை. முதலாமாண்டில் 17 வயதுக்காரர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுக்குச் சிகிச்சை என்று வரும்போது பெற்றோரோ பாதுகாவலரோ வர வேண்டியிருக்கும். ஆனால் 14416-ல் பேச வயது தடையில்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவிலும் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் உண்டு. அதன் பெயரைக் கேட்டாலே கேலி பேசும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை விடுங்கள். புறநோயாளியாகக் காட்டிவிட்டு அன்றைக்கே வீடு திரும்புகிறவர்கள் அங்கே ஏராளம்.

அரசு மருத்துவமனையில் பார்ப்பதும் மாத்திரையும் இலவசம். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கி, "மனநலப் பிரிவு எங்கே" என்று கேளுங்கள். கூட்டம் இருக்கும், காத்திருக்க நேரம் ஆகும். ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு போனால் பாதியில் எழுந்து வந்துவிடத் தோன்றாது. தூக்கம், சாப்பாடு, என்ன எண்ணம் எப்போது வருகிறது என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகும்.

8. மாத்திரை ஆரம்பிச்சா வாழ்நாள் பூரா போடணுமாமே?

எல்லோருக்கும் அப்படி இல்லை. எந்த நோய், எவ்வளவு காலம் என்பதைப் பொறுத்தது. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் தர ஓரிரு வாரங்கள் முதல் ஆறு வாரங்கள்வரை ஆகலாம். முதல் வாரத்திலேயே "ஒண்ணும் ஆகல" என்று நிறுத்துவதும், தேறியதும் தானாக நிறுத்துவதும்தான் சிக்கலில் கொண்டுபோய் விடும். குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லி நடக்கட்டும்.

இன்னொன்று முக்கியம். 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் சிலருக்கு, மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் படபடப்போ தற்கொலை எண்ணமோ கூடலாம். அப்படித் தோன்றினால் அடுத்த தேதி வரட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

9. என் ரூம்மேட் "இருந்து என்ன பிரயோஜனம்"னு அடிக்கடி சொல்றான். நேரா கேட்டா நாமளே எண்ணத்தைத் தூண்டிவிட்ட மாதிரி ஆயிடாதா?

ஆகாது. தற்கொலை பற்றிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தனியாகச் சுமந்ததைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தது என்று பலர் ஆறுதலே அடைகிறார்கள். சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "மச்சி, செத்துப்போயிடலாம்னு தோணுதா?" கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். அந்த அமைதிதான் கஷ்டம். அதை நிரப்ப நாம் எதையாவது பேசிவிடுவோம். "உங்க அம்மாவை நினைச்சுப் பாரு", "உன்னைவிடக் கஷ்டப்படுறவன் எத்தனை பேர்" என்ற இரண்டையும் சொல்லாதீர்கள். ஏற்கெனவே இருக்கிற குற்ற உணர்ச்சியின் மேல் இன்னொரு பாரம்தான் ஏறும்.

"ஆமா" என்று சொன்னால் அடுத்தது: "எப்படி, எப்போன்னு ஏதாவது யோசிச்சு வச்சிருக்கியா?" யோசித்து வைத்திருந்தால் அவசரம். 11-வது பதிலுக்குப் போங்கள். இல்லையென்றால் கூடவே உட்கார்ந்து 14416-க்குப் போட்டு ஸ்பீக்கரில் வையுங்கள். "நீ போய் கவுன்சலரைப் பாரு" என்பதைவிட "வா, நானும் வர்றேன்" என்பது வேலை செய்யும்.

திடீரென்று பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுப்பது, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பது, பல நாள் வாட்டத்துக்குப் பிறகு காரணமில்லாமல் அமைதியாகிவிடுவது, இவற்றைப் பார்த்தால் வாய்விட்டுச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். நீங்களே கேளுங்கள்.

10. சாகணும்போல இருக்குன்னு ஃப்ரெண்ட் ஒருத்தி என்கிட்ட சொன்னா. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியமும் வாங்கிட்டா. இப்ப என்ன பண்றது?

சொல்லுங்கள். இந்தச் சத்தியத்தை மீறலாம், மீறத்தான் வேண்டும். ஆனால் அவளுக்குத் தெரியாமல் வேண்டாம். "நீ சொன்னதை என்னால தனியா வச்சுக்க முடியல. நம்ம மேம்கிட்ட சொல்லப் போறேன், நீயும் கூட வா" என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். கோபப்படுவாள், சில நாள் பேசாமல்கூட இருப்பாள். பரவாயில்லை. வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு பொறுப்பான பெரியவர் போதும்.

11. நடு ராத்திரி. ரொம்ப மோசமா இருக்கான். வார்டனை எழுப்பினா பிரச்சினை ஆகும்னு பயமா இருக்கு.

எழுப்புங்கள். விதி, ஒழுங்கு நடவடிக்கை எல்லாவற்றையும் காலையில் பேசிக்கொள்ளலாம். ஒருவர் அவனை விட்டு நகராமல் கூடவே இருக்கட்டும், பாத்ரூம் போனாலும் கதவுக்கு வெளியே நிற்கட்டும். இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். தீங்கு செய்துகொள்ள உதவும் பொருட்கள் அறையில் இருந்தால் சத்தமில்லாமல் வெளியே எடுத்துவிடுங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கலைத்துவிடுங்கள். வராந்தாவில் பத்துப் பேர் எட்டிப் பார்ப்பது நிலைமையைக் கெடுக்கும்.

ஏற்கெனவே தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, எதையாவது விழுங்கியிருந்தாலோ, "இப்ப நல்லாத்தான் இருக்கேன்" என்று அவனே சொன்னாலும் நம்பிக் காத்திருக்கக் கூடாது. சில பாதிப்புகள் மணிக்கணக்கில் வெளியே தெரியாது. கேஷுவாலிட்டிக்குப் போயே ஆக வேண்டும். வார்டன் தயங்கினாலும் நீங்கள் 108-ஐக் கூப்பிடலாம். அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. உயிராபத்து இருக்கும்போது பதிவு பெற்ற எந்த மருத்துவரும் அவசர மனநலச் சிகிச்சை தரலாம் என்று 6-ல் சொன்ன சட்டத்தின் 94-வது பிரிவும் சொல்கிறது.

12. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா போலீஸ் கேஸ் ஆகிடுமே?

இந்தப் பயத்தில் தாமதித்துத்தான் பல உயிர்கள் போகின்றன. அதனால் விரிவாகவே சொல்கிறேன். இப்படி வருபவர்களை மருத்துவமனையில் எம்.எல்.சி. (மெடிக்கோ லீகல் கேஸ், அதாவது சட்டத் தொடர்புள்ள மருத்துவப் பதிவு) என்று பதிவு செய்து காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுப்பது வழக்கம். காவலர் வந்து விசாரித்து எழுதிக்கொண்டு போகலாம். அதைப் பார்த்ததும் "கேஸ் போட்டுட்டாங்க" என்று குடும்பமே பதறும். அது தகவல் பதிவு, தண்டிப்பதற்கான வழக்கு இல்லை.

அதே 2017 சட்டத்தின் 115-வது பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும். மாறாக நிரூபிக்கப்படாதவரை அவர்மீது வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது. சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரை மிரட்டிப் பணியவைக்கத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் அதில் 226-வது பிரிவாக இருக்கிறது. மனம் உடைந்த மாணவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அழைத்துப் போன நண்பர்களும் பயப்பட வேண்டாம்.

13. ஒரு தடவை அட்மிட் ஆனா வெளியே விட மாட்டாங்களாமே?

18 வயது ஆனவர் தானே விரும்பி உள்நோயாளியாகச் சேர்ந்தால், தானே கேட்டு வெளியேறலாம். ஆபத்து இன்னும் இருக்கிறது என்று நினைத்தால் மட்டும், மதிப்பீடு செய்வதற்காக 24 மணி நேரம்வரை நிறுத்தி வைக்கலாம். தானே முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரைச் சேர்க்கத் தனி நடைமுறையும், அதற்குக் கால வரம்பும் இருக்கின்றன.

உங்கள் சார்பில் பேச ஒருவரை நீங்களே எழுத்து மூலம் நியமிக்கவும் சட்டம் இடம் தருகிறது. பெற்றோரோடு பேச்சுவார்த்தை இல்லாத மாணவர்களுக்கு இது பெரிய உதவி. அக்கா, மாமா, நம்பிக்கையான நண்பர், யாராகவும் இருக்கலாம், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

14. இதுக்கே போய் அலைஞ்சா அட்டெண்டன்ஸ் போயிடும். அப்புறம் பரீட்சை?

உடம்பு சரியில்லாமல் போனால் என்ன வழியோ அதேதான் இதற்கும். அண்ணா பல்கலைக்கழக விதிகளை எடுத்துக்கொண்டால், வருகை 75 சதவீதம் வேண்டும். மருத்துவக் காரணம் இருந்தால் 65 சதவீதம்வரை விலக்கு கேட்கலாம். நீண்ட ஓய்வு தேவையென்றால் படிப்பை இடைநிறுத்தி மீண்டும் சேரவும் வழி இருக்கிறது. மற்ற பல்கலைக்கழகங்களிலும் கல்லூரி அலுவலகத்தில் இதையே கேளுங்கள்.

சான்றிதழில் நோயின் பெயரை எழுதத் தயங்கினால் டாக்டரிடமே சொல்லுங்கள். "சிகிச்சையில் இருக்கிறார், இன்ன தேதிவரை ஓய்வு தேவை" என்று எழுதித் தரக் கேட்கலாம். விடுப்பு முடிந்த பிறகு ஓடுவதைவிட முன்கூட்டியே கொடுத்துவிடுவது நல்லது.

15. சீனியர்ஸ் டார்ச்சர் பண்றாங்க. அவங்களைக் கேக்காம நான் கவுன்சலிங் போய் என்ன ஆகப் போகுது?

நியாயமான கோபம். அநியாயம் வெளியே நடக்கும்போது "மூச்சுப் பயிற்சி செய்" என்று அனுப்பிவிடுவது உதவியே இல்லை. ராகிங் என்றால் யு.ஜி.சி.யின் 24 மணி நேர எண் 1800-180-5522. பாலியல் தொல்லை என்றால் கல்லூரியின் உள் புகார்க் குழு, பெண்களுக்கு 181. சாதி சொல்லி இழிவுபடுத்தினால் அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. செய்திகள், பதிவுகளை அழிக்காமல் வையுங்கள்.

புகார் ஒரு பக்கம் நடக்கட்டும், உங்களைக் கவனிப்பது இன்னொரு பக்கம் நடக்கட்டும். புகார் விசாரணை வாரக்கணக்கில் இழுக்கும். அந்த வாரங்களில் நீங்கள் தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும். கவுன்சலிங் அதற்குத்தான்.

16. தற்கொலைக்கு முயன்ற ஃப்ரெண்ட் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி ஹாஸ்டலுக்கு வந்துட்டா. எப்படிப் பேசுறதுன்னே தெரியல.

எப்போதும்போல. "சாப்பிட்டியா, மெஸ்ஸுக்கு வர்றியா" போதும். ஏன் செய்தாய் என்று யாரும் விசாரணை நடத்த வேண்டாம். அவளாகச் சொன்னால் கேளுங்கள். நடந்ததை வெளியே பரப்புபவர்களை நிறுத்துங்கள். விட்டுப்போன நோட்ஸை ஒருவர் பொறுப்பெடுத்துச் சேர்த்துக் கொடுத்தால், வகுப்பில் மீண்டும் உட்கார்வது சுலபமாகும்.

திரும்பி வந்த முதல் சில வாரங்களில் ஆபத்து முழுதும் விலகியிருக்காது. அறையில் தனியாக வைக்க வேண்டாம் என்று வார்டனிடம் பேசுங்கள். மாத்திரை மொத்தமாகக் கையில் இல்லாமல், வீட்டாரோ வார்டனோ வைத்திருந்து அன்றன்றைக்குத் தருவதா என்று டாக்டரிடம் அவளையும் வைத்துக்கொண்டே முடிவு செய்யுங்கள். அடுத்த ஓ.பி. தேதியை உங்கள் போனிலும் குறித்துக்கொண்டு, அன்று காலை யாராவது ஒருவர் அவளோடு பஸ் ஏறுங்கள்.